சுமையை இறக்கிய பின்



பளுவைத் தூக்குவது எப்படி என்று கற்பிக்க ஆசிரியர்கள் பலர் இருக்கின்றனர். நூல்களும் படங்களும் இருக்கின்றன. தூக்கிய பளுவைத் தரையில் வைத்த பின் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவோர் சிலரே. அந்தப் பகுதியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கடும் பயிற்சிக்குப் பின்னும், பயிற்சியில் காயம் நேர்ந்த பின்னும் உடல் எவ்வாறு மீள்கிறது, அந்த மீட்சிக்கு நாம் எவ்வாறு துணை செய்யலாம் என்பதே என் பேச்சின் பொருள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உடற்பயிற்சி ஆசிரியனாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். கர்லாக் கட்டையும் தண்டாலும் பஸ்கியுமாக இருந்த பயிற்சிக் களங்கள், இரும்புத் தண்டுகளும் வட்டுகளும் நிறைந்த கூடங்களாக மாறியதைக் கண்டிருக்கிறேன். மாலை வேளையில் கல்லூரி மாணவரும், காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தம் செய்யும் இளைஞரும் அங்கே கூடுகின்றனர். அவர்களுடைய ஆர்வத்தில் குறையில்லை. ஆயினும், ஆண்டுதோறும் இருவகை இளைஞர்களை நாம் இழந்துவிடுகிறோம். ஒரு வகையினர், நாள் தவறாமல் உடலை வருத்தி, தளர்ந்து, வலிமை ஏறாமலேயே சலித்துப் போகிறவர்கள். மற்றொரு வகையினர், ஒரு முறை இடுப்பிலோ தோளிலோ காயம் பட்டதும், இனிப் பளு என்பதே நமக்கு ஆகாது என்று அஞ்சி ஒதுங்கிவிடுகிறவர்கள். முன்னவர் ஓய்வின் பயனை அறியவில்லை. பின்னவர் ஓய்விலிருந்து மீண்டும் எழும் முறையை அறியவில்லை. இவ்விரண்டு அறியாமையும் நீங்கத்தக்கவையே.

முதலில், வலிமை எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். பளுவைத் தூக்கும் அந்த நேரத்தில் நாம் வலிமை பெறுவதில்லை. உண்மையில், பயிற்சியை முடித்து வெளியே வருகிற மனிதன் உள்ளே சென்றபோது இருந்ததைவிட வலிமை குன்றியவனாகவே வருகிறான். அவனுடைய தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டிருக்கின்றன. சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து குறைந்திருக்கிறது. அடுத்து வரும் ஒன்றிரண்டு நாட்களில் உடல் அந்தச் சிதைவைச் செப்பனிடுகிறது. இத்தகைய சுமை மறுபடியும் வந்தால் தாங்க வேண்டுமே என்று, முன்னிருந்ததைவிடச் சற்று உறுதியாகவே கட்டுகிறது. ஆகவே, பயிற்சி என்பது கட்டளை. ஓய்வே அக்கட்டளை நிறைவேறும் காலம்.

நம் பகுதி உழவருக்கு இது புதிய செய்தி அன்று. ஒரே நிலத்தில் ஓயாமல் நெல்லையே நட்டால் மண் சோர்ந்துவிடும் என்பதை அவர்கள் அறிவார்கள். அதனால்தான் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்கிறார்கள். அப்போதும் நிலம் சும்மா கிடப்பதில்லை. உளுந்தின் வேர் முடிச்சுகள் மண்ணுக்கு உரம் சேர்க்கின்றன. உடலின் ஓய்வும் அத்தகையதே. வெளியே செயலற்றதாகத் தோன்றினும் உள்ளே பெரும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

பயிற்சிக்கு மறுநாள் மாடிப்படி இறங்கவும் முடியாதபடி தொடைகள் வலிப்பதை உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். தசையில் தேங்கிய லாக்டிக் அமிலமே இதற்குக் காரணம் என்று இன்றும் பலர் சொல்லி வருகின்றனர். அது சரியன்று. பயிற்சியில் பெருகும் லாக்டிக் அமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ 24 மணி முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் உச்சத்தை அடைகிறது. போய்விட்ட பொருள் மறுநாள் எவ்வாறு வலி தரும்? இந்தத் தாமத வலி தசையின் உள்ளே ஏற்படும் சிதைவால் வருவது என்று தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1902ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தார். பளுவை மெல்ல இறக்கும்போதும், மலைச்சரிவில் இறங்கும்போதும், தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்போதுதான் இச்சிதைவு மிகுதி. செஞ்சிக் கோட்டையில் ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏற்றத்தைவிட இறக்கமே மறுநாள் கால்களை வருத்தியது என்பார்கள். இவ்வலி அஞ்சத்தக்கதன்று, சில நாட்களில் தானே அடங்கிவிடும். அதே சமயம், வலித்தால்தான் பயிற்சி பலித்தது என்று எண்ணி, வலியைத் தேடிச் செல்வதும் வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. அளவு கடந்த பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, பொறுக்க முடியாத வலியோடு, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிதைந்த தசையிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்பதற்கு அது அறிகுறி. புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் பஸ்கி போடுவதாலும், கத்தரி வெயிலில் போதிய நீர் அருந்தாமல் பயிற்சி செய்வதாலும் இந்தத் தீங்கு நேரக்கூடும்.

இனி, மீட்சிக்குத் துணையாவன எவை என்று பார்ப்போம். முதலிடம் உறக்கத்திற்கே. ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சிச் சுரப்பு நீர் மிகுதியாகச் சுரக்கிறது. 13 முதல் 18 வயது வரை உள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. வளர்ந்தோருக்கு 7 மணி நேரமாவது வேண்டும். நள்ளிரவு வரை கைப்பேசியை நோக்கிக்கொண்டிருந்துவிட்டு, விடியற்காலை 5 மணிக்குப் பளுவைத் தேடி ஓடுகிறவன், விதைத்துவிட்டு நீர் பாய்ச்ச மறந்த உழவனைப் போன்றவன்.

இரண்டாவது உணவு. தசையைச் செப்பனிடும் சரக்கு புரதம். இது பற்றிய 49 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் வெளிவந்தது. பளுப்பயிற்சி செய்வோர் தம் உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் உண்டால் போதும், அதற்கு மேல் உண்பதால் தசை வளர்ச்சி கூடுவதில்லை என்பது அதன் முடிவு. 60 கிலோகிராம் எடையுள்ள மாணவனுக்கு இது 96 கிராம். இதற்கு விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று முட்டையில் 18 கிராம். நம் ஊர் வேர்க்கடலை 100 கிராமில் 25 கிராம். பருப்போ உளுந்தோ 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம். அரை லிட்டர் பாலில் 16 கிராம். மூன்று வேளைக்கும் சேர்த்து 300 கிராம் அரிசி என்றால் அதில் 20 கிராம். கூட்டினால் 102 ஆகிறது. புலால் உண்போருக்கு மீனும் கோழியும் துணை நிற்கும். வேர்க்கடலையும் உளுந்தும் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, புரதத்திற்கு வழியில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

மூன்றாவது இடைவெளி. ஒரே தசைக் கூட்டத்திற்குக் கடும் பயிற்சி கொடுத்தால், அடுத்த கடும் பயிற்சிக்கு முன் இரண்டு நாட்களாவது விடுதல் நன்று. இன்று கால்கள் என்றால் நாளை தோள்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை சுமையைக் குறைத்து, ஒரு வாரம் எளிய பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதும் பளுதூக்கும் வீரர்களிடையே உள்ள பழக்கமே.

இம்மூன்றும் நிலையான துணைகள். மற்றவை சிறு துணைகள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது தாமத வலியைத் தணிக்கிறது. நம் முன்னோரின் மற்போர்க் களங்களிலும் அது வழக்கமே. பனிக்கட்டி நீரில் அமிழ்வது இன்று ஒரு நாகரிகமாகப் பரவி வருகிறது. அது வலியைக் குறைப்பது உண்மையே. ஆயினும், 2015இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்றை இங்கே கருத வேண்டும். 12 வாரப் பளுப்பயிற்சியில், ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்தவுடன் 10 நிமிடம் குளிர்நீரில் அமர்ந்தவர்களுக்குத் தசையும் வலிமையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்தன. செப்பனிடும் வேலையின் ஒரு பகுதியே அந்த வெப்பமும் வீக்கமும் என்பதால், அவற்றை முற்றிலும் அணைத்துவிடுவது எப்போதும் நன்மையாக முடிவதில்லை.

இனிக் காயத்தைப் பற்றிப் பேசுவோம். ஓய்வு, பனிக்கட்டி, கட்டுப் போடுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கு விதிகளை 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் வகுத்தார். உலகெங்கும் பள்ளிகளில் அவை கற்பிக்கப்பட்டன. அதே மிர்கின் 2014இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். தாமே வகுத்த விதியைச் சான்று கண்டபோது தாமே மாற்றிய அந்த அறிவு நேர்மை மாணவர்கள் மனத்தில் கொள்ளத்தக்கது.

அப்படியானால் என்ன செய்வது? முதல் இரண்டு மூன்று நாட்கள் காயம் பட்ட இடத்தைக் காத்துக்கொள்ளுங்கள். அழுத்தி உருவவோ சூடு வைக்கவோ வேண்டாம். எலும்பு கோணியிருந்தாலும், நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலும், காயம் பட்ட நொடியில் ‘படீர்’ என்ற ஒலி கேட்டுத் தசையில் பள்ளம் விழுந்திருந்தாலும், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். முதுகு வலியோடு கால் மரத்துப் போதலோ, சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்க இயலாமையோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது. நம் பகுதியில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுப் போடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. எந்தக் கட்டுக்கும் முன்னர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை. முறிவின் தன்மை தெரியாமல் இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உறுப்பே பழுதாகலாம்.

பேரிடர் இல்லை என்று தெரிந்த பின், மருந்தாவது யாது? அளந்து கொடுக்கும் சுமையே மருந்து. இதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர் தாமஸ் டெலோர்ம் என்ற மருத்துவர். இளமையில் வாதக் காய்ச்சலால் நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் அவர்; பளுப்பயிற்சியால் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரின்போது சிக்காகோ நகரில் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். முழங்காலும் தொடையும் காயமுற்ற போர்வீரர்கள் அங்கே நிறைந்திருந்தனர். மிகச் சிறிய சுமையைப் பன்முறை அசைக்கும் மென்பயிற்சியே அக்காலத்து மருத்துவம். வீரர்கள் தேற நெடுங்காலம் ஆயிற்று. டெலோர்ம் வேறு வழியில் சென்றார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய சுமை எது என்று அளந்தார். அதனைக் கொண்டு பயிற்சி அளித்தார். வலிமை ஏற ஏறச் சுமையையும் ஏற்றினார். மெலிந்த தொடைகள் மீண்டும் தசை பிடித்தன. 1945இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர், அந்தச் சுமையில் பாதி, முக்கால், முழுமை என மூன்று சுற்றாகப் பயிற்சியை வகுத்தார். இன்று நம் ஊர்க் கூடங்களில் ‘பத்துப் பத்தாக மூன்று சுற்று’ என்கிறோமே, அதன் மூலங்களுள் ஒன்று காயமுற்றோரின் மருத்துவமனைக் கூடத்தில் இருக்கிறது.

இந்த வழியை நானும் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். திண்டிவனத்து மாணவர் ஒருவர் தரையிலிருந்து பளுவை எடுக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டு, குனியவே அஞ்சிய நிலையில் என்னிடம் வந்தார். நரம்புக்குத் தீங்கில்லை என்று மருத்துவர் உறுதி கூறிய பின், நடையிலிருந்து தொடங்கினோம். பிறகு வெறும் கோல். பிறகு வட்டுகள் இல்லாத 20 கிலோகிராம் இரும்புத் தண்டு. பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாக வட்டுகள். எங்களுக்கு இருந்த விதி ஒன்றே. பயிற்சியின்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த முறை சுமையைக் குறைப்போம். மூன்று மாதம் ஆயிற்று. சுமையைவிட அச்சத்தை இறக்கி வைப்பதற்கே அவருக்கு அதிக நாள் பிடித்தது. இடையில் பொறுமையிழந்து, ஒரே நாளில் பழைய பளுவைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அவர் கேட்டதுண்டு. தசை விரைவில் தேறினாலும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகவே தேறும் என்று விளக்கினேன். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே பழமொழி மட்டுமன்று, உடலியல் உண்மையுமாகும்.

விழுப்புரம் சந்திப்பிலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஓர் இருப்புப் பாதை செல்கிறது. அப்பாதை முடியும் இடத்திற்கு அருகில், வேலூர் சத்துவாச்சாரியில், பளுதூக்கும் கலை வேரூன்றி வளர்ந்திருக்கிறது. அந்த மண்ணின் மைந்தர் சதீஷ் சிவலிங்கம். 2014இல் கிளாஸ்கோ நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில், 77 கிலோகிராம் எடைப் பிரிவில், ஸ்நாட்ச் முறையில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179, ஆக மொத்தம் 328 கிலோகிராம் தூக்கித் தங்கப் பதக்கம் வென்றார். முன்னது, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் உயர்த்துவது. பின்னது, தோளுக்குக் கொணர்ந்து பின் உயர்த்துவது.

அடுத்த போட்டி 2018இல், ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில். அதற்கு முன் நடந்த தேசியப் போட்டியில் 194 கிலோகிராமைத் தூக்க முயன்றபோது அவருடைய தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. பதக்க நம்பிக்கையையே கைவிட்டிருந்ததாகப் பின்னர் அவரே கூறினார். சிகிச்சையும் மீட்புப் பயிற்சியும் பெற்று, முழுத் தகுதி திரும்பாத நிலையிலேயே களம் இறங்கினார். 144, 173, ஆக மொத்தம் 317 கிலோகிராம். நான்கு ஆண்டுகளுக்கு முன் தூக்கியதைவிட 11 கிலோகிராம் குறைவு. ஆயினும் தங்கம் அவருக்கே! அந்த நாளில் என் மனத்தைக் கவர்ந்தது அவர் தூக்கிய பளு அன்று. தூக்காமல் விட்ட பளுவே. வெற்றி உறுதியானதும், தமக்கு உரிய கடைசி முயற்சியை அவர் மேற்கொள்ளவில்லை. கைதட்டலுக்காக ஒரு முறை கூடுதலாகத் தூக்கியிருக்கலாம். காயம்பட்ட தொடைக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டார். எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பதும் வலிமையே அல்லவா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு அறுவடைக் காலத்தில் சென்று பாருங்கள். நெல்லையும் மணிலாவையும் உளுந்தையும் முதுகில் சுமந்து அடுக்கும் தொழிலாளரைக் காண்பீர்கள். 75 கிலோகிராம் நெல் ஒரு மூட்டை என்பது நம் பகுதிக் கணக்கு. வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பளு 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று 1967இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. பளுதூக்கும் வீரனுக்கு இடுப்புப் பிடித்தால் அவன் ஓய்வெடுக்கலாம். மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு ஓய்வு என்றால் அன்றைய கூலி இல்லை. அவருடைய தசையும் நம்முடையதைப் போன்றதே. அதே உறக்கமும் அதே இடைவெளியும் அதற்கும் வேண்டும். உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், அதிகாரியாகலாம், வணிகராகலாம். மூட்டையின் அளவைக் குறைக்கவும், காயமுற்றவருக்குக் கூலியோடு ஓய்வளிக்கவும் அதிகாரம் உங்கள் கைக்கு வரும்போது, இன்று கேட்டதை நினைவிற் கொள்ளுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. காத்திருக்க மனமில்லாதவர்களை நோக்கிக் குறுக்குவழிகள் கை நீட்டும். வலி தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டு பளுவைத் தூக்குவது, தீ எச்சரிக்கை மணியை அறுத்துவிட்டு வீட்டுக்குள் உறங்குவதற்கு ஒப்பாகும். தசையை விரைந்து பெருக்கும் ஸ்டீராய்டு மருந்துகளோ இதயத்தையும் ஈரலையும் கெடுக்கின்றன, ஆண்மையைக் குலைக்கின்றன, வளரும் வயதினரின் எலும்பு வளர்ச்சியை முன்னதாகவே நிறுத்திவிடுகின்றன. முகவரி தெரியாத ஊட்டச்சத்து மாவுகளில், உறையில் குறிக்கப்படாத தடைசெய்யப்பட்ட மருந்துகள் கலந்திருப்பதும் உண்டு. இவற்றைக் கண்காணிக்கவே 2005இல் இந்தியாவில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுவப்பட்டது. ‘தெரியாமல் உண்டேன்’ என்ற சொல் விளையாட்டு வீரனை எளிதில் காப்பாற்றாது.

மாணவ நண்பர்களே! இளமையில் உடல் கேட்டதைக் கொடுக்கும். அதனால் கேட்டுக்கொண்டே இருக்கத் தோன்றும். ஆனால் ஐம்பது வயதிலும் குனிந்து ஒரு குடம் நீரைத் தூக்கக்கூடிய முதுகும், பேரக்குழந்தையைத் தோளில் ஏற்றும் கரமும் இருக்க வேண்டுமானால், அதற்கான கணக்கை இப்போதே சரியாக எழுத வேண்டும். நாளைக் காலை பயிற்சிக்குச் செல்லவிருப்போர் இன்றிரவு நேரத்தோடு படுத்து உறங்குங்கள். காயத்தால் ஒதுங்கி நிற்போர், நல்ல மருத்துவரையும் பொறுமையுள்ள ஆசிரியரையும் நாடி, வெறும் தண்டிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.